விரல்கள் தெரிய வேண்டும்

வெள்ளிக்கிழமை காலையில் முதல் வீடியோ பாடம் என் போனில் ஓடியது. அழுத்தியதும் தொடங்கியது. நடுவில் சுற்றும் வட்டம் வரவில்லை.

அந்த வாரம் முழுவதும் அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். கேமராவிலிருந்து வந்த பைலை எங்கள் கம்பெனியின் பயிற்சி இணையதளம் முதலில் ஏற்கவே இல்லை. ஒரு பாடம் இருபத்தைந்து எம்.பி.க்குள் இருக்க வேண்டும் என்றது. சுருக்கிக் கொடுத்தேன். ஏற்றது, ஆனால் போன்களில் கறுப்புத் திரைதான் வந்தது. அந்தக் கேமராவின் பைல் வகை சாதாரணப் போன்களுக்குப் பழக்கமில்லாதது. எல்லாப் போன்களிலும் ஓடும் எம்பி ஃபோர் வகைக்கு மாற்றினேன். மாற்றியதும் பைல் மறுபடி பெருத்தது. நொடிக்கு இருபத்தைந்து படங்கள் இருந்ததை எட்டாகக் குறைத்தேன். உள்ளே அடங்கியது.

நான் ஒரகடத்தில் வண்டிகளுக்கு வயரிங் செய்யும் ஒரு கம்பெனியின் பயிற்சி அறையில் வேலை செய்கிறேன். படித்தது பி.எஸ்சி. இயற்பியல். இந்த வேலையில் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே பிடித்திருக்கிறது.

பயிற்சி சூப்பர்வைசர் தமிழ்வாணன் சார் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா எழிலு, ஓடுதா?"

"ஓடுது சார்."

"என் வாய்ஸ் எப்டிக் கீது?"

"நல்லாயிருக்கு சார்."

"மொளகு தட்டிப் போட்ட வெந்நீர் குடிச்சிட்டுப் பேசுனேன். மண்ணூர்ல எங்க வூட்டுக்கு எதிர்லதான் மைக்செட் கடை. சின்ன வயசுலேர்ந்து மைக் புடிச்ச வாயி இது."

மெஷினைப் பாதுகாப்பாக இயக்கச் சொல்லித்தரும் அந்தப் பாடங்கள் எங்கள் கம்பெனியில் வேலை செய்யும் காது கேளாத ஆறு பெண்களுக்காக எடுக்கப்பட்டவை. கவிப்பிரியா சைகை மொழியில் விளக்குவாள். அவளும் அந்த ஆறு பேரில் ஒருத்தி. அவளுக்குக் கொஞ்சம் பின்னாலிருந்து சாரின் குரல் வரும். அந்தக் குரல் யாருக்காக என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

மதியம் கேண்டீனில் ஆறு பேரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து பாடத்தைப் பார்த்தார்கள். நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே அவர்கள் முகங்களைக் கவனித்தேன்.

கவிப்பிரியா போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு தள்ளிப் பிடித்தாள். பிறகு பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு மேசை முழுக்கப் பரவியது. ஒருத்திக்குப் புரையேறி, இன்னொருத்தி தலையில் தட்டினாள்.

முத்துச்செல்வி என்னிடம் திரும்பினாள். தென்காசிக்காரி. காது கேட்பவள், அவளுக்கும் எங்கள் கம்பெனியில்தான் வேலை. கவிப்பிரியாவோடு சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்து சைகை மொழி கற்றவள். எங்களுக்கு மொழிபெயர்ப்பது அவள்தான்.

"ஏட்டி எழிலு, மூஞ்சி நல்லா விழுந்திருக்குன்னு சொல்லுதா. வெரல் எங்கன்னு கேக்கா."

"விரலா?"

"ஒரு வெரலையும் காணலியாம். நீ தின்னுட்டியாம்."

கவிப்பிரியா என்னைப் பார்த்தபடி தன் விரல்நுனியை மெல்லக் கடித்துக் காட்டினாள். மற்ற ஐந்து பேரும் அதையே செய்தார்கள்.

"போச்சு, உனக்குப் பேரு வச்சாச்சு," என்றாள் முத்துச்செல்வி. "இனி உன்னயப் பத்திப் பேசணும்னா வெரலக் கடிப்பாளுவ. தமிழ்வாணன் சாருன்னா மீசைய முறுக்குவாளுவ. நானுன்னா கொட்டாவி."

நானும் சிரித்துவிட்டேன். பிறகு போனை வாங்கிப் பார்த்தேன். வேகமாகச் சுற்றும் மின்விசிறியில் இறக்கைகள் தெரியாது, ஒரு மங்கலான வட்டம்தான் தெரியும். கவிப்பிரியாவின் மணிக்கட்டுக்கு மேலே அப்படித்தான் இருந்தது. நொடிக்கு எட்டுப் படங்கள் வாயால் பேசுகிறவருக்குப் போதும். விரலால் பேசுகிறவளிடம் நான் எழுத்துகளைப் பிடுங்கியிருந்தேன்.

கவிப்பிரியா போனைக் கவிழ்த்து வைத்தாள். சிரிப்பு நின்றது. கைகள் மெதுவாக அசைந்தன.

"திங்கக்கிழமைக்குள்ள சரியாயிருமான்னு கேக்கா," என்றாள் முத்துச்செல்வி.

எனக்குத் தெரியும் அவள் ஏன் கேட்கிறாள் என்று. திங்கட்கிழமை புது உற்பத்தி லைன் தொடங்குகிறது. மின்சார வண்டிகளுக்கான வயரிங். தளத்தில் பாடங்களைப் பார்த்து, அன்று காலைத் தேர்வில் தேறியவர்களை மட்டும்தான் அதில் போடுவார்கள். இந்த ஆறு பேரும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பேக்கிங்கில் இருக்கிறார்கள். மெஷின் பயிற்சி வாயால் நடப்பதால் அவர்களை யாரும் அங்கே அனுப்பவில்லை. பேக்கிங் மேசையிலிருந்து பார்த்தால், வயர் நுனியில் உலோக முனையை அழுத்திப் பொருத்தும் பிரஸ் மெஷின் தெரியும். கவிப்பிரியா டேப் ஒட்டிக்கொண்டே அதைப் பார்ப்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

"சரி பண்றேன்," என்றேன்.

படங்களைப் பழையபடி இருபத்தைந்தாக்கினேன். விரல்கள் திரும்பி வந்தன. பைல் மூன்று மடங்கானது. தலைமை அலுவலகத்தில் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நம்பிராஜன் என்பவருக்குப் போன் செய்தேன். பேச வேண்டியதை முதலில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"எல்லாப் பிளான்ட்டுக்கும் அதே அளவுதாம்மா. உங்களுக்கு மட்டும் ஏத்த முடியாது," என்று அவர் பணிவாகச் சொல்லி வைத்துவிட்டார்.

படத்தைச் சிறிதாக்கினால் முகம் கலங்கியது. சைகை மொழியில் புருவமும் உதடும் பாதி என்று முத்துச்செல்வி சொல்லியிருந்தாள். அதையும் கெடுக்க முடியாது. பாடத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கண் கவிப்பிரியாவை விட்டு விலகி அவளுக்குப் பின்னால் போனது.

பொருட்களை நகர்த்தும் கன்வேயர் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் நடந்தார்கள். ஒரு டிராலி வந்து போனது.

வீடியோ பைல் மாறாததை ஒருமுறை எழுதிவைத்துக்கொண்டு அதையே காட்டும். மாறுவதை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டும். இருபத்தைந்து எம்.பி.யில் பெரும்பகுதியைக் கன்வேயர் தின்றிருந்தது. சோதனைக்காகப் பின்புறத்தில் பாதியைக் கறுப்பால் மறைத்தேன். பைல் சட்டென்று இளைத்தது. ஆனால் கவிப்பிரியாவின் கைகள் அந்தப் பக்கமும் போகின்றன. மறைத்தால் அவையும் மறையும்.

மறுபடி எடுக்க வேண்டும். அதை சாரிடம் சொல்ல வேண்டும். லைனுக்கு முன்னால் நிறுத்தி எடுத்தது அவருடைய யோசனை.

அவர் மேசைக்குப் போனேன். திரும்பி வந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போனேன்.

"சார், பின்னாடி கன்வேயர் இல்லாம எடுக்கணும்."

"கன்வேயர் இல்லன்னா கம்பெனி எங்க தெரியும்?"

"கம்பெனி தெரியறதால விரல் தெரியல சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவரிடம் இத்தனை சொற்களை ஒன்றாகச் சொன்னதில்லை.

"கேமராவுக்கு கேட் பாஸ் ஒரு நாளுக்குத்தான் குடுத்தாங்க. முடிஞ்சுபோச்சு. போன்ல எடுக்கலாம்னா உள்ள வரும்போதே செக்யூரிட்டி கேமராவுல ஸ்டிக்கர் ஒட்டிடுறான். எங்க எடுப்ப?"

"வெளியில சார். மெஷின் போட்டோ நம்மகிட்ட இருக்கு. ஓரத்துல சேத்துக்கலாம்."

"வெளியில எடுத்தா என் வாய்ஸ்?"

அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

"போ. எடு. திங்கக்கிழமை காத்தால என் முன்னாடி ஓடணும்."

ஞாயிறு காலை எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி சுங்குவார்சத்திரம் போனேன். அந்த ஆறு பேரும் தங்கியிருந்த ஹாஸ்டலின் முதல் மாடியில் கட்டில்களை ஓரமாகத் தள்ளி இடம் செய்திருந்தார்கள். சுவர் முழுக்க ஆணிகள், காலண்டர், துணிக்கொடி. மறைக்க ஒரு போர்வை வேண்டும், பூ இல்லாத போர்வை. அந்த மாடியில் அப்படி ஒன்று இல்லை. ரோஜாப்பூ இருந்தது, மயில் இருந்தது, ஒரு பெரிய புலி இருந்தது.

"புலி முன்னாடி நின்னா சேப்டி பாடம் நல்லா மனசுல நிக்கும்லா," என்றாள் முத்துச்செல்வி.

சத்தம் கேட்டு வார்டன் மெர்சி அக்கா மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் விறுவிறுவென்று இறங்கிப்போனார். கோபம் என்று நினைத்தோம். ஜெப அறையின் புதுத் திரைச்சீலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கரும்பச்சை. ஒரு பூ இல்லை.

"சாயந்தரம் ஜெபத்துக்குள்ள திரும்பி வரணும். ஒரு கறை பட்டுச்சு, ஆறு பேரையும் வூட்டுக்கு அனுப்பிடுவேன்."

திரையைக் கட்டினோம். அது காற்றில் ஆடியது. ஆடினால் அதையும் பைல் புதிதாக எழுதும். மின்விசிறியை நிறுத்தினேன். மே மாத வெயில் ஓட்டின் மேல் இருந்தது. ஐந்து நிமிடத்தில் எல்லோரும் நனைந்துவிட்டோம். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஒருத்தி ஓடிப்போய் மின்விசிறியைப் போடுவாள், கவிப்பிரியா அதன் கீழே இரு கைகளையும் விரித்து நிற்பாள், நான் கை காட்டியதும் அது மறுபடி நிற்கும்.

போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்திருந்தேன். கவிப்பிரியா கறுப்புச் சுடிதார் போட்டிருந்தாள். பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே அவள் கைகள் மட்டும் வெளிச்சமாக இருந்தன. நான் அதுவரை அவற்றைச் சரியாகப் பார்த்ததில்லை என்று தோன்றியது. ஒரு பாடத்தின் நடுவில் முத்துச்செல்வி தும்மினாள். நான் நிறுத்தப் போனேன்.

"எதுக்கு நிறுத்துத? யாருக்குக் கேக்கப் போவுது?"

எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. கவிப்பிரியாவுக்குக் காரணத்தைக் கையால் சொன்னார்கள். அவள் சிரித்து, அந்தப் பாடத்தை முதலிலிருந்து எடுக்க வேண்டியதானது.

கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பில் மாற்றினேன். என் இரு பக்கமும் தலைகள். நொடிக்கு இருபத்தைந்து படங்கள், முகம் தெளிவு, இருபத்தெட்டு எம்.பி. கொஞ்சம்தான் அதிகம். எதைக் குறைக்கலாம் என்று திரையைப் பார்த்தேன். படத்துக்குக் கீழே ஒலியின் கோடு நெளிந்துகொண்டிருந்தது. தும்மல், குக்கர் விசில், நெடுஞ்சாலை லாரிகள், எங்கள் பேச்சு.

ஒலியை எடுத்துவிட்டேன்.

இருபத்து நான்கு.

தளத்தில் ஏற்றி, கவிப்பிரியாவின் போனில் திறந்தேன். அவள் முழுவதும் பார்த்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. முடிந்ததும் முத்துச்செல்வியிடம் நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?" என்றேன்.

"தலை சரியா வாரலியாம். முன்னாடியே சொல்லக் கூடாதான்னு உன்னய ஏசுதா."

"விரல்?"

முத்துச்செல்வி கேட்டாள். கவிப்பிரியா என் பக்கமாக நகர்ந்து, என் இரண்டு கன்னங்களையும் பிடித்து ஆட்டினாள்.

திங்கட்கிழமை காலை சார் முன்னால் பாடத்தை ஓடவிட்டேன். அவர் போனின் ஓரத்தை அழுத்தி ஒலியைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். காதில் வைத்துப் பார்த்தார்.

"என் வாய்ஸ் எங்க எழிலு?"

"எடம் பத்தல சார்."

"மொளகு வெந்நீரு குடிச்சதெல்லாம் வேஸ்ட்டா?"

"ஒலி மட்டும் நாலு எம்.பி. சார்."

"நாலு எம்.பி.யா?" அவர் யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "பரவால்ல, வெயிட்டான வாய்ஸ்தான்."

தேர்வு பயிற்சி அறையில் நடந்தது. கேள்விகள் திரையில் வரும், அவர்கள் தொட வேண்டும். நான் வெளியே நின்றேன். கதவின் கண்ணாடி வழியாக முதுகுகள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொருத்தியாக எழுந்து வெளியே வந்து விரலைக் கடித்துக் காட்டிவிட்டுப் போனாள். தேறினாளா என்று அதிலிருந்து எனக்குத் தெரியவில்லை. சார் கடைசியில் வந்தார்.

"ஆறு பேரும் பாஸு. கவிப்பிரியா ஒண்ணு கூடத் தப்பு இல்ல. அடுத்த மாசம் புதுசா வர்றவங்களுக்கும் இதே மாரி ஒண்ணு எடுக்கணும். இந்த வாட்டி என் வாய்ஸோட."

மதிய உணவுக்கு முன் நானும் முத்துச்செல்வியும் புது லைன் பக்கம் போனோம். கவிப்பிரியா பிரஸ் மெஷின் முன் நின்றிருந்தாள். வயரை வைத்தாள். இரண்டு கைகளாலும் இரண்டு பச்சைப் பொத்தான்களை அழுத்தினாள். இரண்டும் அழுந்தினால்தான் அந்த மெஷின் இறங்கும். கையை எடுத்தால் நின்றுவிடும். இறங்கியது. அடுத்த வயர். மறுபடி இரண்டு கைகளும் பொத்தான்களில்.

முத்துச்செல்வி அவளுக்கு எதிரே போய் நின்று கைகளால் வேண்டுமென்றே ஏதேதோ கேட்டாள். கவிப்பிரியாவின் உதடு துடித்தது, கண் சிரித்தது. கைகள் பொத்தான்களை விடவில்லை.

"வந்த நாளா இவள நான் பாக்கேன்," என்றாள் முத்துச்செல்வி. "இன்னைக்குத்தான் வாய மூடியிருக்கா."