கிண்டித் தண்ணீர்

கஷாயம் கொதிக்கும் மணம் இப்போதெல்லாம் விலாசினிக்குக் குமட்டியது. ஆடாதோடையும் திப்பிலியும் சேர்ந்த அதே மணம்தான். பதினைந்து வருடமாக வைத்தியசாலையில் அவள் கைப்பட வைக்கும் மருந்துதான். மருந்தில் குற்றமில்லை. கோழையை இளக்கும், இருமலைத் தணிக்கும். ஆனால் வாசல் பலகையில் அவள் அண்ணன் பிரமோதன் வேறொன்று எழுதியிருந்தான்: ரத்தத்தில் ஆக்சிஜன் பத்தே நிமிடத்தில் ஏறும்.

ஏறவும் செய்தது. அதுதான் குமட்டல்.

உள்ளே தன்வந்திரிக்கு விளக்கு எரிவதால், வருகிறவர் எந்த மதத்துக்காரரானாலும் வாசலில் இருக்கும் மூக்கு வைத்த வெண்கலக் கிண்டியைச் சாய்த்துக் கை கால் கழுவிவிட்டுத்தான் படியேறுவார்கள். வயநாட்டின் மகர மாதக் காலையில் அந்தத் தண்ணீர் எலும்பைக் குத்தும். கழுவிய கையோடு பிரமோதன் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டுவான். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு. கரும்பலகையில் எழுதுவான். பிறகு கொதிக்கக் கொதிக்கக் கஷாயம். பித்தளை டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து ஊதி ஊதிக் குடிப்பார்கள். மறுபடி மாட்டினால் தொண்ணூற்றேழு.

முதல் வாரம் விலாசினிக்கே கண் கலங்கியது. தன் மருந்தா இப்படி என்று. பிறகு ஒரு நாள் கை கழுவிவிட்டு, விளையாட்டாகத் தன் விரலிலேயே மாட்டிப் பார்த்தாள். எண்பத்தொன்பது. பயந்துபோய்க் கையைப் புடவை மடிப்புக்குள் வைத்துத் தேய்த்துவிட்டுப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. ஒரு சொட்டுக் கஷாயம் குடிக்கவில்லை.

அன்று மதியமே அண்ணனிடம் சொன்னாள். அவன் சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான்.

"தெரியும். யாருக்குடி இதுல கெடுதல்? குடிக்கிறாங்க, சந்தோஷமாப் போறாங்க. நீ டாக்டர் மாதிரி பேசாம வைத்தியர் மாதிரி பேசு."

விரல் இடுக்கில் மோர் வழிந்தது. அவள் எழுந்து போனாள். அத்தோடு சரி. அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் அவள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் நாக்கில் பழைய எண்ணெய் மாதிரி ஒட்டிக்கிடந்தது.

இன்று காலை தேவசி வந்தார். கல் உடைக்கும் கிரஷரில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மனைவி ரோசிலி தோளைத் தாங்கியிருந்தாள். நான்கு படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றார்.

"என்ன சேட்டா, மலை ஏறி வந்த மாதிரி?" என்றான் பிரமோதன், ஃபோனைப் படம் எடுக்கத் தோதாக நிறுத்தியபடி.

"கல்லுப் பொடிய தின்னு வளந்த நெஞ்சு. கெஞ்சிக் கேட்டா மட்டும்... மூச்சு விடுது," என்றார் தேவசி. சிரிப்பு இருமலாக மாறி, பச்சையாக ஏதோ துண்டில் விழுந்தது.

ஆக்சிமீட்டர் எண்பத்து நான்கு காட்டியது. பிரமோதனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை விலாசினி பார்த்தாள். எவ்வளவு கீழே தொடங்குகிறதோ அவ்வளவுக்கு விளம்பரப் படம் நன்றாக வரும்.

அவள் தேவசியின் உதடுகளைப் பார்த்தாள். நாவல்பழம் தின்றவர் மாதிரி இருந்தன. இது வெறும் கைக் குளிர் இல்லை.

கஷாயம் முடிந்தது. எண்பத்தைந்து.

காத்திருந்த பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரமோதன் தேவசியின் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து உருட்டி உருட்டித் தேய்த்தான். கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி அத்தனை வாஞ்சையாக. மறுபடியும் எண்பத்தைந்து. உடனே துண்டை எடுத்து இருவர் கையையும் சேர்த்து மூடினான். துண்டுக்கு வெளியே எட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர் தொண்ணூற்றெட்டு காட்டியது. மாட்டியிருந்தது அவன் விரலில். கரும்பலகையில் தொண்ணூற்றெட்டு என்று எழுதினான்.

"கர்த்தாவே," என்றாள் ரோசிலி. கண்ணைத் துடைத்துக்கொண்டு விலாசினியிடம் திரும்பினாள். "போன தடவையும் இப்படித்தான் டாக்டர், தொண்ணூத்தி ரெண்டு தொண்ணூத்தி ஆறாச்சு. மெடிக்கல் காலேஜ்ல படுக்கணும்னு தேதி குடுத்திருந்தாங்க. எதுக்குன்னு போகல."

"எப்போ?"

"பத்து நாளாச்சு."

விலாசினி நேராக வாசலுக்குப் போனாள். கிண்டியைச் சாய்த்து இரண்டு கையையும் நனைத்தாள். விரல் மரத்துப்போகும்வரை ஊற்றினாள். உள்ளே வந்து ஆக்சிமீட்டரை எடுத்துத் தன் விரலில் மாட்டி எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினாள்.

"எவ்வளவு?"

"தொண்ணூறு," என்றார் முன்னால் இருந்த ஒருவர்.

கையை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றாள். மறுபடி நீட்டினாள்.

"தொண்ணூத்தெட்டு."

"நான் எதுவும் குடிக்கல," என்றாள். "கை குளுந்தா கொறையும், சூடானா ஏறும். அவ்வளவுதான். மருந்து இருமலுக்கு. ஆக்சிஜனுக்கு இல்ல."

"விலாசினீ," என்றான் பிரமோதன். "உள்ள போ."

அவள் தேவசியின் கைமேல் கிடந்த துண்டை இழுத்தாள். ஆக்சிமீட்டரைத் தேவசியின் சூடான விரலில் மாட்டினாள். எண்பத்து மூன்று. "இவரு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஜீப்பைக் கூப்பிடுங்க."

தேவசி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் குடிச்சதெல்லாம்... கை சூடாக்கத்தானா டாக்டர்?" என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

ஜீப் வந்தது. அவரைப் பின் இருக்கையில் ஏற்றும்போது வாசலில் ஒரு கிழவர் கிண்டியைச் சாய்த்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். "அவருக்கு நெஞ்சே போச்சு. எனக்குப் போன வாரம் நல்லா ஏறிச்சே," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பிரமோதன் உள்ளே அடுத்த டம்ளரில் கஷாயம் ஊற்றும் சத்தம் கேட்டது.

விலாசினியும் ஆக்சிமீட்டரோடு ஏறிக்கொண்டாள். வளைவுகளில் சாயும் தேவசியின் கையைப் பிடித்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் ரோசிலி. பேச்சில் 'டாக்டர்' போய் 'நீ' வந்திருந்தது.

"பத்தொம்பது நாள் முன்னாடி."

ரோசிலி மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. பிறகு கணவனின் கையை விலாசினியின் பிடியிலிருந்து எடுத்தாள். தோளில் கிடந்த துண்டின் நுனியால் அந்த விரல்களைத் துடைத்தாள். அண்ணன் தேய்த்த இடம், தங்கை தொட்ட இடம் என்று பிரிக்காமல், ஒவ்வொன்றாக, அழுத்தித் துடைத்தாள். தீட்டுப்பட்டதைக் கழுவுவது போல இருந்தது. விலாசினி தன் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையைப் பார்க்க அவளுக்கும் பிடிக்கவில்லை.

அடுத்த வளைவில் தேவசியின் மூச்சு இன்னும் இரைத்தது.

"அத மாட்டு," என்றாள் ரோசிலி, முகத்தைத் திருப்பாமல். "அவரத் தொடாம மாட்டு. எவ்வளவுன்னு சொல்லு."

மாட்டினாள்.

"எண்பத்தி ஒண்ணு," என்றாள் விலாசினி.