காரணம் என்ற கட்டம்

அப்பா எழுதிவைத்த பதிவேட்டின் பக்கங்களை மகள் அவசர அவசரமாகப் புரட்டினாள். அடுத்த அறையில் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மாலையைத் தாண்டாது என்று மருத்துவர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்குள் அந்த ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்துக் கிழித்துவிட வேண்டும்.

அப்பா லிப்ட் மெக்கானிக். ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்கத் தெரியாமல் தன் வாழ்க்கையையே எழுத உட்கார்ந்தார். அதையும் கம்பெனியின் பழுதுப் பதிவேட்டில்தான் எழுதினார். தேதி, பழுது, காரணம், செய்த வேலை என்று நான்கு கட்டங்கள். கல்யாண நாளுக்கு நேரே, பழுது என்ற கட்டத்தில் "இன்னும் பிடிபடவில்லை" என்று எழுதி, அதை அம்மாவிடமே வாசித்துக் காட்டி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"இதெல்லாம் எதுக்குப்பா?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"வாயால சொல்ல முடியாதது ஒண்ணு இருக்கு. நான் போனப்புறம் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

சொல்ல முடியாதது எதுவென்று அவளுக்குத் தெரியும். எட்டு வயதில், வீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் தகர மூடியைத் தூக்கி, உள்ளே கூவி எதிரொலி கேட்டாள். யாரோ கூப்பிட, அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டாள். மூன்று வயதுத் தம்பியை அந்தத் தொட்டியிலிருந்துதான் எடுத்தார்கள். மூடியை யார் திறந்தது என்று எத்தனையோ பேர் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா அவளை நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். இன்று சொல்வாரோ, நாளை சொல்வாரோ என்று முப்பத்தாறு வருடம் பயந்தே காலம் தள்ளினாள்.

தேதி அகப்பட்டது. கிழிக்கத்தான் கையை வைத்தாள். அதற்குள் கண் வரிகளில் ஓடிவிட்டது.

"பழுது: தொட்டி மூடி திறந்து கிடந்தது. காரணம்: நான். காலையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் திறந்தேன். எவ்வளவு யோசித்தும் மூடிய ஞாபகம் வரவில்லை. மகளைப் பார்த்தால் அவன் சாடைதான் தெரிகிறது. செய்த வேலை: ஒன்றுமில்லை. பெற்றவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை."

அந்த வரிகளை இன்னொரு முறை படித்தாள். தொட்டி மூடித்தான் இருந்தது. இரண்டு கையாலும் தம் பிடித்துத் தூக்கியவள் அவள்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாவம் அந்த மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார்.

"சீக்கிரம் வாடி! மூச்சு அடங்குது!" என்று அம்மா அலறினாள்.

ஓடினாள். கட்டிலின் அந்தப் பக்கம் அம்மா ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். பயம் அப்போதும் அவளை விடவில்லை. ஆனால் நேரம் இல்லை.

காதருகே குனிந்தாள். குரல் அம்மாவுக்கும் கேட்கும்படி சத்தமாகவே வந்தது.

"அப்பா, தொட்டி மூடித்தான் இருந்துச்சு. நீங்க மூடிட்டுத்தான் போனீங்க. நான்தான்ப்பா திறந்தேன். நான்தான்."

அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. அப்புறம் ஏறவில்லை.

அம்மா அழவில்லை. துணியை அவர் நெற்றியிலேயே விட்டுவிட்டு, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.