வெள்ளிக்கிழமை வரை யாரும் நகரக் கூடாது

சுரங்கம் ஓடியபோது ஆறு செம்மண் நிறத்தில் கலங்கி ஓடியது. சுரங்கத்தை மூடியதும் ஆறு தெளிந்துவிட்டது. இரு கரை ஊர்களும் கலங்கிவிட்டன. ஆளே இல்லாத இடத்துக்கு இரண்டு நகராட்சி எதற்கு, ஒன்றாக்குங்கள் என்றது மேலிடம். வெள்ளிக்கிழமை மாலை எந்தக் கரையின் பதிவேட்டில் தலை அதிகமோ, அங்கேதான் அலுவலகம். மற்ற கரையில் உள்ள நாற்காலிகள் ஏலத்துக்கு.

இக்கரைப் பதிவேட்டு எழுத்தர் தன் நாற்காலியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். இக்கரை நகராட்சித் தலைவரோ, ‘இது இணைப்பல்ல, இரு கரைகளின் திருமணம்’ என்று வாசலில் பேனர் கட்டினார்.

“கல்யாணம் சரி, யாரு யாரு வீட்டுக்குப் போறதுன்னுதானே சண்டை?” என்றான் வரிசையில் நின்ற லாரி டிரைவர்.

வெள்ளிக்கிழமை வரை யாருக்கும் இடம்பெயர்வுச் சான்று கிடையாது என்பது தலைவரின் வாய்மொழி உத்தரவு. சான்று கொடுத்தால் பதிவேட்டில் தலை குறையும். மேசை இழுப்பறையில் முப்பத்தேழு விண்ணப்பங்கள். முத்திரை ரிப்பேர் என்று சொல்லி எழுத்தர் எல்லாரையும் திருப்பி அனுப்பினாள்.

“ரப்பர் முத்திரைக்கு என்னடி ரிப்பேர்? எஞ்சினா அது?” என்றார் மேசையோரம் நின்ற அவள் வீட்டுக்காரர். சுரங்கத்தில் கிரேன் மெக்கானிக். எட்டு மாதமாக வேலையில்லை. ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தையும் சும்மா கழற்றி மாட்டி ஓடாமல் ஆக்கியிருந்தார். ஆற்றின் மேல்பகுதியில் ஒரு மர ஆலை அவரைக் கூப்பிட்டிருந்தது. நாளைக் காலைக்குள் சான்றோடு போய் நிற்கவேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆள்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்களேன். என் வேலையும் போயிட்டா?”

“உன் நாற்காலிக்கு நான் அஞ்சாவது காலா நிக்கணுமா?”

அவள் தலைவரிடம் போய்க் கேட்டாள்.

“செத்தாலும் இந்த மண்ணுலதான்மா நான். உன் புருஷனுக்கு மட்டும் என்ன அவசரம்?” என்றார் அவர், ஜன்னல் பக்கம் பார்த்து, போட்டோவுக்கு நிற்பதுபோல.

இருப்புக்கொள்ளாமல் வந்து உட்கார்ந்து, வீடு வீடாகத் தலைகளை எண்ணினாள். அக்கரையைவிட மூன்று தலை அதிகம். தலைவர் வீட்டுப் பக்கம் வந்தது. அவர் பெயரின்மேல் சிவப்புக் கோடு. ‘அக்கரைக்கு மாறினார்’ என்று பழைய எழுத்தரின் கையெழுத்து. இரண்டு வருடமாகிறது. அங்கே வீட்டுவரி பாதி. இக்கரையில் குடியிருக்காதவர் இக்கரைத் தலைவராக இருக்கச் சட்டத்தில் இடமில்லை.

பதிவேட்டை விரித்தபடியே கொண்டுபோய் அவர்முன் வைத்தாள். மேலே கணவரின் விண்ணப்பம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். கோடு அங்கேயே இருந்தது.

“யாரோ கைதவறிப் போட்டிருக்காங்கம்மா.”

“நானும் அப்படித்தான் சார் நினைச்சேன். அக்கரை ஆபீசுக்குப் போன் பண்ணினேன். அங்கேயும் கைதவறி உங்க பேரை எழுதி வச்சிருக்காங்க.”

தலைவர் கையெழுத்துப் போட்டார். “இது ஒண்ணுதான். வெளியே தெரியக் கூடாது.”

முத்திரை குத்திய சத்தம் வரிசைக்குக் கேட்டுவிட்டது.

“என்னக்கா, முத்திரைக்கு உடம்பு குணமாயிடுச்சா?” லாரி டிரைவர் சிரிக்கவில்லை. “நானும் அந்த மர ஆலையிலதான் வியாழக்கிழமை வேலைக்குச் சேரணும்.”

இழுப்பறையை மூடினால் அவள் நாற்காலி தப்பும். கணவர் சான்றைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் பதிவேட்டையும் விண்ணப்பக் கட்டையும் அப்படியே தூக்கிக்கொண்டு தலைவர் அறைக்குள் போனாள்.

“ஒண்ணுன்னு சொன்னேனேம்மா!”

“ஒரே ஒரு கட்டுதான் சார்.”

முதலில் லாரி டிரைவர். அவன் குடும்பத்தில் ஐந்து தலை. அந்த ஒரு கையெழுத்திலேயே அவள் நாற்காலி ஆற்றைக் கடந்துவிட்டது. அவள் அடுத்த தாளைப் புரட்டி வைத்தாள்.