எட்டு எண்ணும் வரை

என் தம்பி ஃபின்டன் அமெச்சூர் குத்துச்சண்டையில் அயர்லாந்து சாம்பியன். லிமெரிக்கில் எங்கள் தெருவே அவன் கோப்பைகளைத் தன் வீட்டுச் சொத்தாக நினைத்தது. கோப்பையில் உருளைக்கிழங்கு வேகாது என்று சொன்னவள் நான் ஒருத்திதான்.

அவனுக்கு வேலை பன்றிக்கறித் தொழிற்சாலையில். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த உப்பு வாடை போகாது. அதிலிருந்து தப்பிக்கத்தான் தொழில்முறைச் சண்டைக்குப் போனான்.

"டிம்ப்னா, மறுபடி நான் அங்க வேலைக்குப் போனா, பன்னியோட சேத்து என்னையும் கொக்கியில மாட்டிடு."

"உன் கனத்துக்குக் கொக்கி வளைஞ்சிடும், போடா."

அமெச்சூரில் ஒரு வழக்கம். அடி வாங்கியவன் விழாமல் தள்ளாடினாலும் நடுவர் குறுக்கே வந்து எட்டு வரை எண்ணுவார். அடித்தவன் மூலைக்குப் போய் நிற்க வேண்டும். எண்ணி முடித்ததும் "உனக்கு ஒண்ணுமில்லையே?" என்று நடுவர் கேட்பார். ஃபின்டன் சிறு வயதிலிருந்து அதிலேயே வளர்ந்தவன். காசுக்குச் சண்டை போடும் இடத்தில் அந்தக் கருணை கிடையாது, விழுந்தால்தான் எண்ணுவார்கள்.

பயிற்சியாளர் மாட்டி கோகன் தொண்டை கிழியக் கத்துவார். "அவன் ஆடுறான்னா போய் முடிடா! மூலையில என்ன, பாவமன்னிப்புக்கு வரிசையில நிக்கிறியா?"

"கால் தானா போயிடுது, மாட்டி."

முதல் சில சண்டைகளில் எதிராளிகள் ஒரேயடியாக விழுந்துவிட்டதால் அது வெளியே தெரியவில்லை. பிறகு டப்ளினில், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு லீட்ஸ்காரனோடு மோதல். ஜெயித்தால் லண்டனில் பட்டத்துக்கான சண்டை. தோற்றால் மறுபடி தொழிற்சாலைதான் என்று மாட்டி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

ஐந்தாவது சுற்றில் ஃபின்டனின் இடது கை தாடையில் இறங்கியது. லீட்ஸ்காரனின் முழங்கால் மடிந்தது. ஆனால் விழவில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். அரங்கமே எழுந்து கத்தியது. என் தம்பியோ கைகளைத் தாழ்த்திக்கொண்டு மூலைக்கு நடந்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? அங்கே நின்று நடுவரைப் பார்த்தான். நடுவர் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தார். அதற்குள் தெளிந்துவிட்ட லீட்ஸ்காரன் பாய்ந்து வந்து அடித்தான். ஃபின்டன் கையைத் தூக்கக்கூட இல்லை.

மண்டையைத் திறந்து உயிரைக் காப்பாற்றினார்கள். யாரைத் திட்டுவதென்று தெரியாமல் எல்லோரையும் திட்டுகிறேன். இப்போது அந்தத் தொழிற்சாலையும் அவனை எடுக்காது. கத்தி பிடித்தால் கை நடுங்குகிறது.

நேற்று சமையலறையில் எனக்குத் தலை சுற்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினேன். ஃபின்டன் ஓடி வந்து தாங்கவில்லை. கைகளைத் தாழ்த்திக்கொண்டு கரி வாளி இருக்கும் மூலைக்குப் போய் நின்றான்.

"வாடா, டீ ஆறுது."

அவன் அசையவில்லை. மேசையை விடாமல், அவனுக்குக் கேட்கும்படி எட்டு வரை எண்ணினேன்.

அதன் பிறகுதான் கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தான்.

"உனக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லடா," என்றேன்.