குளிரி விளம்பரத் திட்டம்

எங்கள் விளம்பரக் கம்பெனியில் மொத்தம் இரண்டு பேர். பேசுவதற்கு நான், பேசாமல் இருப்பதற்கு சாய்கிருஷ்ணா. அவன் என் சித்தி பிள்ளை. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்தில் இரண்டு வீடும் ஒரே தெரு என்பதால் அவன் பேசாததைப் பிறந்தது முதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விளம்பரத்தை எந்த ஊரில், எந்த நேரத்தில், எதன் மேல் போடுவது என்று திட்டம் போடுவது அவன் வேலை. அதில் மகா கெட்டிக்காரன். ஆனால் எதிரே ஒரு பெண் உட்கார்ந்துவிட்டால், காப்பியா டீயா என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள்.

போன ஐப்பசியில் ஜெஸ்னா அப்படி எதிரே வந்து உட்கார்ந்தாள். உடுமலைப்பேட்டைக்கு மேலே மலையில் இருக்கிற மறையூர்க்காரி. நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, தேன்மெழுகையும் தேங்காயெண்ணெயையும் உருக்கி உதட்டுக்குப் பூசும் தைலம் செய்கிறாள். பெயர் குளிரி. சின்னத் தகர டப்பாக்களை மேஜை மேல் வரிசையாக வைத்துவிட்டு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள்.

"எங்க அண்ணன் ஜிதின் அயர்லாந்துல இருக்காக. ஆஸ்பத்திரி வேலை சொல்லி வச்சிருக்காக. தை முடியுறதுக்குள்ள வாரேன் இல்ல வரலன்னு சொல்லணும். இந்தக் காத்துக் காலத்துல குளிரி ஓடுச்சுன்னா இருக்கேன். ஓடலைன்னா கிளம்பிருவேன்."

சாயி தலையாட்டினான். அவள் சொன்னதற்காக ஆட்டினானா, அவளைப் பார்த்ததற்காக ஆட்டினானா என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

பாலக்காட்டில் உதட்டுத் தைலம் விற்பது பெரிய காரியமே இல்லை. மார்கழி பிறந்தால் வாளையாறு கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று உள்ளே நுழைந்துவிடும். அது ஓயும் வரை கஞ்சிக்கோட்டிலோ கொழிஞ்சாம்பாறையிலோ பைக்கில் போகிற எவனும் நிம்மதியாகச் சிரிக்க முடியாது. சிரித்தால் உதட்டில் ரத்தம். காற்றே பாதி வேலையைச் செய்து கொடுக்கிற ஊரில், இப்படி ஒரு மருந்து இருக்கிறது என்று காதில் போட்டால் போதும்.

சாயி முதலில் சந்தை ஆய்வு செய்தான். ஜனங்கள் எந்தப் பஸ்ஸில் போகிறார்கள், எப்போது ரேடியோ கேட்கிறார்கள், கைப்பேசியில் எதைப் பார்க்கிறார்கள் என்று ஊரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற வேலை அது. அவன் கேட்டது ஒரே ஆளிடம். ஜெஸ்னா பாலக்காட்டுக்குச் சரக்கு கொண்டுவரும்போதெல்லாம் அவளை உட்கார வைத்து, எந்தப் பஸ்ஸில் ஏறுவீர்கள், எங்கே டீ குடிப்பீர்கள், மெழுகு உருக்கும்போது எந்த எஃப்எம் ஓடும் என்று மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அவளும் பரீட்சைக்குப் பதில் எழுதுகிற மாதிரி சிரத்தையாகச் சொன்னாள். அவன் இவ்வளவு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தொழிலில் தேறிவிட்டான் என்று பூரித்துப்போய் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த என் புத்தியை என்னவென்று சொல்வது?

மார்கழி வந்தது. காற்றும் வந்தது. விளம்பரங்களும் வெளியாயின. ஜெஸ்னாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"சுஷ்மாக்கா, எங்க பாத்தாலும் நம்ம குளிரிதான். நான் ஏறுற உடுமலைப்பேட்டை பஸ்ஸு முதுகுல இருக்கு. மறையூர் கேபிள்ல அடியில எழுத்தா ஓடுது. பாலக்காட்டுல இறங்குனா பஸ் ஸ்டாண்டு டிவியில இருக்கு. காலையில ரேடியோவைப் போட்டா முதல் விளம்பரமே நம்மது. போனைத் திறந்தா அதுலயும் வருது. சாய் சார் பெரிய ஆளு."

பெரிய ஆள் ஜன்னல் வழியாகத் தெருவை ஆராய்ந்துகொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கொழிஞ்சாம்பாறை போனேன். காற்றில் என் உதடே வெடித்துப்போய், மருந்துக் கடையில் நுழைந்து குளிரி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாக யோசித்தார்.

"அப்படி ஒண்ணு வந்திருக்குதுங்களா? கேள்விப்படலைங்களே. ஒரு பெட்டி கொண்டாந்து வச்சாங்க போலிருக்குது, யாருமே கேக்கலைங்க." உள்ளே தேடி, தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து ஊதினார். பிரிக்கவே இல்லை.

அடுத்த கடை, அதற்கடுத்த கடை எல்லாவற்றிலும் அதே கதை. கல்யாணச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. காற்று வீசுகிற ஊரில் ஒருத்தருக்கும் தெரியாத விளம்பரம், மறையூரில் ஒருத்திக்கு மட்டும் எப்படி எங்கு பார்த்தாலும் தெரிகிறது? பஸ்ஸில் திரும்பும்போதுதான் மரமண்டைக்கு உறைத்தது. நேராக ஆபீசுக்குப் போய் அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"சாயி, கைப்பேசி விளம்பரத்துக்கு யாரைக் குறி வச்சிருக்காய்? வாயைத் திறந்து சொல்லு."

"பொம்மனாட்டிகள்."

"எந்தப் பொம்மனாட்டிகள்?"

"இருபத்தெட்டு வயசு. தமிழ் பேசறவா. நர்சிங் படிச்சவா. மறையூரைச் சுத்தி இருக்கறவா."

"தேன்மெழுகு உருக்கறவான்னும் சேத்துக்கப்டாதோ? கரெக்டா ஒருத்தி வந்திருப்பளே."

"முதலாளி கண்ணுல படணுமாக்கும், அக்கா. நம்ம தொழில்ல எல்லாரும் பண்ணறதுதானே."

அது பொய்யில்லை. பணம் போட்ட முதலாளி வீட்டை விட்டு இறங்கினால் முதலில் தன் விளம்பரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் வீட்டு எதிரில் ஒரு போர்டு வைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டோம், அவ்வளவுதான்.

"ஒரு போர்டு வைப்பா, கேட்டியா? நீ அவளைச் சுத்தி மதில் கட்டியிருக்காய். குளிரியை நன்னாத் தெரிஞ்ச ஒரே ஒருத்தி அதைப் பண்ணறவளாக்கும். அவளே வாங்கிப்பளா?"

"அவா சந்தோஷமா இருந்தா போமாட்டான்னு நெனச்சேன்."

இதைச் சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. சித்திக்குத் தெரிந்தால் சாதம் இறங்காது, அது வேறு விஷயம். ஆனால் அவள் தன் வேலையை விட்டு, தன் காசைப் போட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்ததும் கோபம்தான் ஜெயித்தது.

"சரக்கு போகல்லைன்னா அவள் போயிடுவள். ஏரோப்ளேன் டிக்கெட்டை அவள் அண்ணா எடுக்கல்லை, நீதான் எடுத்துக் குடுக்கறாய்."

அவன் முகம் வெளுத்தது. அதுவரை இந்தக் கணக்கு அவனுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் ஆச்சரியம். எழுந்து போய்க் கணினி முன் உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மறையூர் கேபிளை நிறுத்தினான். உடுமலைப்பேட்டை பஸ்ஸிலிருந்து கழற்றி, கொழிஞ்சாம்பாறை பஸ்களின் முதுகில் ஒட்ட ஏற்பாடு செய்தான். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு ரேடியோவை மாற்றினான். வாளையாறு சாலையில் பெட்ரோல் பங்குகள், அகளிச் சந்தை, ஹெல்மெட் கடைகள் என்று காற்று போகிற வழியெல்லாம் குளிரி போனது. "காத்துங்களா? குளிரி இருக்குதுங்க" என்று வாசகத்தைக்கூட அந்தப் பக்கத்துப் பேச்சில் மாற்றினான். ஆள் கெட்டிக்காரன் என்று நான் சொன்னது இதைத்தான்.

எங்கள் கூலியை இந்தத் தடவை வாங்குவதில்லை என்று நானும் முடிவு செய்தேன். நடந்ததை ஜெஸ்னாவிடம் அவனே சொல்ல வேண்டும் என்றேன். சொல்கிறேன் என்றான். தை பாதி போயிற்று. சொல்லவில்லை.

ஒரு காலையில் அவளே வந்துவிட்டாள், முன்னே சொல்லாமல். பையைக்கூட இறக்கவில்லை.

"கொழிஞ்சாம்பாறைக் கடைக்காரக ரெண்டாவது தடவை சரக்கு கேக்காக. கஞ்சிக்கோட்டுலயும் கேக்காக. விக்கிது, அதுல குறையில்ல. ஆனா எங்க பக்கம் ஒண்ணையும் காணோம். பஸ்ஸுல இல்ல, ரேடியோவுல இல்ல, போன்லகூட இல்ல. தினமும் பாத்துட்டே இருந்ததைத் திடீர்னு எடுத்துட்டீகளே. என்னன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீகளா, சார்?"

கேள்வி அவனிடம்தான். அவன் என்னைப் பார்த்தான். எப்போதும் நான்தான் பதில் சொல்வேன். இந்தத் தடவை நான் கணினித் திரையில் கண்ணை வைத்துக்கொண்டேன். எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

"முன்னே போட்டதெல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். "முன்னே போட்டதெல்லாம் நீங்க பாக்கணும்னு போட்டது. நீங்க மட்டும். அதுனால ஒரு டப்பாகூட விக்கல்லை. உங்க காசைப் பாழாக்கிட்டேன். இப்போ போட்டிருக்கறது மத்தவா வாங்கறதுக்கு."

"நான் பாத்து என்ன ஆகப்போகுது?"

"நீங்க போயிடப்டாதுன்னு."

ஜெஸ்னா பையை இறக்கிவைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபமா, இல்லையா என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

"ரேடியோவுல சொல்லி, பஸ்ஸுல எழுதி, டிவியில போட்டு," என்று மெதுவாக அடுக்கினாள். "அத்தனைக்கும் நான் காசு கட்டியிருக்கேன். இதை நேர்ல ஒருதடவை சொல்லியிருந்தா எனக்குப் பாதிச் செலவு மிச்சமாயிருக்குமே, சார்."

சாயியின் பேச்சுக் கோட்டா அன்றைக்குத் தீர்ந்துவிட்டது.

அவள் கைப்பேசியை எடுத்தாள். அயர்லாந்தில் இன்னும் விடிந்திருக்காது. அண்ணனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள், சாயியைப் பார்த்துக்கொண்டே.

"ஜிதின் அண்ணே, நான் வரல. சரக்கு போகுது. ஆனா இங்க ஒருத்தரு விளம்பரம் போடுதாரு, அவரைத் தனியா விட்டா என் கம்பெனியை மூடிருவாரு. பக்கத்துல இருந்து பாத்துக்கணும்."