சாம்பல் நிறத்தில் ஒரு கோடு

1

இந்தக் கதை எனக்கு இரவலாக வந்தது. சொன்னவள் ஓர் ஆய்வகத்தில் மைக்ரோ சிடி என்ற எக்ஸ்ரே இயந்திரத்தை இயக்குபவள். பெயர் போடக் கூடாது என்றாள். அதனால் இங்கே அவள் அண்ணி. மற்றவள் அவளுடைய நாத்தனார், அதே ஆய்வகத்தில் ஆராய்ச்சியாளர். இருவருக்கும் வீடும் ஒன்று, வேலையும் ஒன்று.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'எலும்பு என்பது பொறுமையின்...'

(அடித்துவிட்டேன். எலும்புக்கு என்ன பொறுமை?)

2

எலும்பில் பெரிய இடைவெளி விழுந்தால் தானாகச் சேராது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, துளைகள் நிறைந்த ஒரு வார்ப்பை அங்கே வைப்பார்கள். அதைப் பற்றிக்கொண்டு புது எலும்பு வளர வேண்டும். நாத்தனார் ஆண்டுக்கணக்கில் மெனக்கெட்டுச் செய்த சாரம் முயல்களின் தொடையெலும்பில் இருந்தது. அந்த எலும்பை ஊடுகதிரில் சுழற்றி, மெல்லிய படங்களாக அடுக்கிப் பார்ப்பது அண்ணியின் வேலை.

ஓரத்தில் எலும்பு வளர்ந்திருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

[இங்கே அண்ணி உள்ளூர மகிழ்ந்தாள் என்று எழுத எனக்கு ஆசை. நாத்தனார் கதை என்றால் நீங்களும் அதைத்தானே எதிர்பார்ப்பீர்கள்? அவளிடமே கேட்டேன். "சந்தோஷமா? மெஷின் தப்போன்னு மறுபடியும் படம் புடிச்சேன்" என்றாள்.]

3

படத்தில் எல்லாமே சாம்பல் நிறம். எந்தச் சாம்பலிலிருந்து எலும்பு என்று எண்ணுவது என ஒரு கோடு போட வேண்டும். அதை ஆள்தான் போட வேண்டும். கோட்டை இறக்கினால் மங்கலான சாம்பலும் எலும்புக் கணக்கில் சேரும்.

"கோட்டைக் கொஞ்சம் எறக்குங்களேன், அண்ணி."

ஆய்வகத்தில் அவள் அதுவரை அண்ணி என்று கூப்பிட்டதே இல்லை.

அண்ணி இறக்கினாள். நடுப்பகுதி மளமளவென்று நிறைந்தது. நாத்தனாருக்கு முகமெல்லாம் பல்.

"இருக்கு பாருங்க! நீங்கதான் கவனிக்கல."

அண்ணி எழுந்து போய், முயலுக்குள் போகாத புத்தம்புதுச் சாரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். படம் பிடித்து, அதே கோட்டைப் போட்டாள். அதிலும் எலும்பு!

"இது டப்பாவ விட்டே இப்பதான் வெளிய வருது. இதுல எப்படி எலும்பு வரும்? சாரத்தையே எலும்புன்னு எண்ணிக்கிட்டிருக்கோம்."

"மத்தவங்களும் இப்படித்தான் போடுறாங்க."

"போடட்டும். நாளைக்கு இத ஒரு மனுஷன் கால்ல வெப்பாங்க. அவன் இத நம்பித்தான் காலை ஊனுவான்."

(இதற்குப் பிறகு அண்ணிக்கு நீளமாக ஒரு வசனம் வைத்திருந்தேன். படித்துவிட்டு, "நான் இவ்ளோ பேசலையே" என்றாள். எடுத்துவிட்டேன்.)

4

நாத்தனார் எழுந்து போனாள். அன்று வீட்டில் அண்ணன் உப்பைக் கேட்டான். இரண்டு பேருமே நகர்த்தவில்லை. ஆனால் அறிக்கை போனபோது, 'நடுவில் எலும்பு வளரவில்லை' என்று அதில் எழுதியிருந்தவள் நாத்தனார்தான். துளைகளைப் பெரிதாக்கி, முதலிலிருந்து வார்க்கத் தொடங்கினாள்.

முடிவு அ: இருவரும் கட்டிக்கொண்டு அழுதா... (சேச்சே.)

முடிவு ஆ: பேச்சே நின்றுபோனது. (அண்ணி மறுத்தாள்: "பேசுறோமே. வேலையப் பத்தி மட்டும்.")

இப்போது புதிய சாரம் தயாராகி, முயலிலிருந்தும் வந்துவிட்டது. அண்ணி கேட்காமலே நாத்தனார் இரண்டு டப்பாக்களை மேசைமேல் வைத்தாள். "மொதல்ல முயலுக்குள்ள போகாததப் புடிங்க. அதுல எலும்பே காட்டாத எடத்துல கோட்டப் போடுங்க. அப்புறம் முயல்லேர்ந்து எடுத்தது."

இந்த முறை நடுவில் எலும்பு இருந்ததா? நான் ஆய்வகத்திலிருந்து கிளம்பும்போது இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை மட்டும் பார்த்துப் போடுங்கள்.