ஒரு கையால் திறக்கிற கத்தி

அலுவலகத்தில் அவருக்குத் 'தைரியம்' என்று பெயர். லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் புகார் அழைப்புகளை எடுக்கிற வேலை. நகரத்தில் எந்தக் கட்டடத்தில் எவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் அந்தக் கூப்பாடு அவருடைய மேசையில்தான் வந்து விழும். "அறுந்து விழுந்துடுமா சார்?" என்பார்கள். "விழாதுங்க, தைரியமா இருங்க, ஆள் கிளம்பிட்டாங்க" என்பார். ஆள் அப்போதுதான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். இப்படி நாளெல்லாம் ஊருக்குத் தைரியம் வாரி வழங்கிவிட்டு சாயங்காலம் வீடு திரும்பும்போது சொந்த உபயோகத்துக்கு ஒரு சொட்டுக்கூட மிச்சம் இருக்காது. தன் வீட்டுக்கு மூன்று மாடியும் படியேறித்தான் போவார். லிஃப்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அப்படி.

போன வருஷ வெள்ளத்தில்தான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று வாரம் மின்சாரம் இல்லை. படகில் வந்தவர்கள் வீட்டுக்கொரு மூட்டையைப் படிக்கட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். மூட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பட்டை இறுக்கிக் கட்டியிருந்தது. சமையலறைக் கத்தி வழுக்கியது. இவர் குடும்பத் தலைவர் அல்லவா, பல்லால் கடித்தார். பட்டை அசையவில்லை, பல் அசைந்தது. கடைசியில் எதிர் வீட்டுச் சின்னப் பெண் கைவேலைக்கு வைத்திருந்த பூப்போட்ட கத்தரிக்கோலால் 'கிறுக்' என்று வெட்டிக் கொடுத்து, "அவ்ளோதான் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த 'அவ்ளோதான் அங்கிள்' அவருக்குள்ளே எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. தண்ணீர் வடிந்த கையோடு ஒரு பெரிய முதுகுப்பை வாங்கினார். டார்ச், கயிறு, தண்ணீர் சுத்தம் செய்கிற மாத்திரை, தார்ப்பாய், விசில். அடுத்த தடவை மூன்று வாரம் இல்லை, மூன்று மாதம், ஏன் மூன்று வருஷம் உலகம் ஸ்தம்பித்தாலும் சமாளிக்கிற மாதிரி. மனைவி அதற்குப் 'பிரளய மூட்டை' என்று பெயர் வைத்தாள். பையில் எல்லாம் வந்துவிட்டது. கத்தி மட்டும் வரவில்லை.

அவர் வீடியோவில் பார்ப்பது ஒரு தாடிக்காரரை. அந்த மனிதர் காட்டுக்குள் மழையில் நனைந்தபடி உட்கார்ந்து, இந்த எஃகு துருப்பிடிக்காது ஆனால் தீட்டுவது கஷ்டம், அந்த எஃகை ஆற்றங்கரைக் கல்லில்கூடத் தீட்டலாம் ஆனால் உப்புக்காற்று பட்டால் போச்சு என்று உயிர்போகிற விஷயமாகப் பேசுவார். மடக்குக் கத்திக்கு மடங்குகிற மூட்டுதான் பலவீனம், ஆகவே பூட்டு உறுதியாக இருக்கவேண்டும் என்பார். கழற்றித் துடைக்க வசதியாகச் சாதாரணத் திருகாணி வேண்டும் என்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்வார்: ஆபத்து நேரத்தில் உங்களுக்கு இரண்டு கை இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒன்று கயிற்றைப் பிடித்திருக்கும், இல்லை அடிபட்டிருக்கும். ஒரே கையால் திறந்து, அதே கையால் மூட முடிகிற கத்தியே கத்தி.

அங்கேதான் வந்தது வினை.

ஏழெட்டு மாதமாக அவருடைய வலது கைக் கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முதலில் சாவி நழுவியது. பிறகு சட்டைப் பொத்தான் போட அரைமணி ஆனது. அலுவலகத்தில் புகாரை இடது கை ஆள்காட்டி விரலால் கோழி கொத்துகிற மாதிரி கொத்தித் தட்டச்சு செய்தார். என்ன வியாதியாக இருக்கும் என்று ஒருநாள் இணையத்தில் தேடினார். மூன்று வரி படித்தார். நான்காவது வரி என்ன சொல்லப்போகிறது என்று தெரிந்த மாதிரி இருந்ததால் கணினியையே அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். டாக்டரிடம் போனால் அந்த நான்காவது வரியை வாயால் சொல்வார். போகாமல் இருந்தால் சொல்லமாட்டார். இதைவிடச் சுலபமான கணக்கு உண்டா?

ஆகவே கடைக்குப் போவார், கத்தியை எடுப்பார், கட்டைவிரல் மறுத்துவிடும், "ரொம்ப இறுக்கமா இருக்கே" என்று கத்தியின் மேல் பழியைப் போட்டுத் திரும்பி வருவார். உலகத்தில் உள்ள கத்தி அத்தனையும் இறுக்கம்.

"அப்பா, உலகம் அழியறதுக்குள்ள வாங்கிடுவீங்களா?" என்று மகள் கேட்டாள். கல்லூரியில் படிக்கிறவள். வாய் மட்டும் படித்து முடித்துவிட்டது.

மனைவிக்கு அந்த வாரம் விடுமுறை நாள் ஒன்று அமைந்தது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். இடது கைக்காரி. பீச்சாங்கையில் ஊசி வருவதைப் பார்த்து, "இந்தக் கையாலயா குத்தப் போறீங்க?" என்று பதறுகிறவர்களிடம், "வேற கை வேணும்னா நாளைக்கு வாங்க, வேற ஆளோட கை வரும்" என்பாள். வாரம் முழுக்க நின்று நின்று அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. படுத்துத் தூங்கவேண்டிய நாளில் புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"வாங்க, நானும் வர்றேன்."

"எங்க?"

"கத்திக் கடைக்கு. இன்னிக்கு வாங்காம வந்தீங்கன்னா அந்தப் பிரளய மூட்டையைத் தூக்கிக்கிட்டு அப்படியே போயிடுங்க. வீட்டுக்குத் திரும்பி வரவேண்டாம்."

"நீ எதுக்கும்மா சிரமப்படற? கால் வலிக்குதுன்னியே."

"கால் வலி அப்படியேதான் இருக்கு. இன்னிக்கு உங்க தொல்லைதான் அதைவிட அதிகம்."

பஸ்ஸில் அவர் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டே வந்தார்.

பூட்டு, சாவி, டார்ச், கத்தி விற்கிற கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே காத்திருக்கவேண்டிய அகலம். கடைக்காரர் இவரைப் பார்த்ததும் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"வாங்க சார். இன்னிக்கு எதை வேணாம்னு சொல்லப் போறீங்க?"

"இன்னிக்கு வாங்கிடுவார்" என்றாள் மனைவி.

"மேடம் சொன்னா சரி." கண்ணாடிப் பெட்டிக்கு மேல் ஒரு பச்சைத் துணியை விரித்து, கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். தைரியம் உடனே தாடிக்காரராக மாறினார். இது எந்த எஃகு, இதன் முனை ஏன் ஒடியும், இந்தப் பிடி ஈரத்தில் ஏன் வழுக்கும் என்று விளக்கினார். வாய் ஓடுகிறவரை கைக்கு வேலை வராது என்பது அவருடைய கணிப்பு.

"ஏங்க, காய் வெட்டுமா வெட்டாதா?"

"காய் வெட்டறதுக்கு இல்லம்மா இது. நாளைக்கு உலகமே நின்னுபோச்சுன்னா…"

"நின்னுபோனாலும் காய் வெட்டித்தானே ஆகணும்? அதையும் நான்தான் வெட்டப்போறேன்."

கடைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். பிறகு நல்லெண்ணத்தில்தான், பாவம், ஒரு காரியம் செய்தார். நடுவிலிருந்த கத்தியை எடுத்து நீட்டினார்.

"ஒரு கையால திறக்கணும்னு சொல்வீங்களே சார், மேடத்துக்குக் காட்டுங்களேன்."

தப்பிக்க வழியில்லை. வாங்கினார். அலகில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். கட்டைவிரலால் அதை மேலே தள்ளினால் அலகு வெளியே வரும். தள்ளினார். விரல் குமிழ் மேல் உட்கார்ந்தது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"இறுக்கமா இருக்கு" என்றார்.

"எங்க, குடுங்க." அவள் இடது கையில் வாங்கித் தள்ளினாள். 'சடக்' என்று திறந்துகொண்டது. "லேசாத்தானே இருக்கு?" அலகு மடங்காமல் உள்ளே ஒரு தகடு முட்டுக்கொடுத்து நின்றது. அதை ஓரம் தள்ளி மூடுவதுதான் அவளுக்குத் தோதுப்படவில்லை. வலது கைக் கட்டைவிரலுக்கென்று வைத்த தகடு அது. கடைக்காரர் மூடிக் கொடுத்தார். அவள் அதைத் திரும்பக் கணவரிடம் நீட்டினாள். "ம், திறங்க."

இரண்டாம் முறை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். கத்தி கையிலிருந்து நழுவிக் கண்ணாடி மேல் 'டங்' என்று விழுந்தது. கண்ணாடி தப்பியது. அவர் தப்பவில்லை.

அவள் கத்தியைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே சதை மேடாக இருக்கவேண்டிய இடம் பள்ளமாக இருந்தது. மற்றக் கையையும் இழுத்து வைத்து ஒப்பிட்டாள். பிறகு தன் விரலை அவர் கட்டைவிரல் மேல் வைத்தாள்.

"அழுத்துங்க."

"அழுத்தறேன்."

"அழுத்துங்கன்னா!"

"அழுத்திக்கிட்டுதாம்மா இருக்கேன்."

"டேய், அழுத்துடா!"

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த 'ங்க' உதிர்ந்தது அதுதான் முதல் தடவை. கூடவே ஒரு 'டா'வும் சேர்ந்து வந்தது. கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த பூட்டுகளை எண்ண ஆரம்பித்தார்.

"எவ்வளவு நாளா?"

அவருக்கு வழக்கமான பதில் ஒன்றுதான் வாயில் வந்தது. "தைரியமா இரு, ஒண்ணும் ஆகாது."

"அதை உங்க லிஃப்டுல மாட்டினவங்ககிட்ட சொல்லுங்க. எவ்வளவு நாளா?"

"கத்தி தேட ஆரம்பிச்சதுலேருந்து."

அவள் கடையிலிருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஊரான் கையைத்தான் பிடிச்சுப் பார்க்கறேன். எல்லாம் முழங்கை மடிப்போட சரி. நரம்பு கிடைச்சுதா, குத்தினமா, அடுத்த ஆள். வீட்ல ஒரு கை இப்படிக் கிடக்குது, எனக்குக் கண்ணே தெரியல."

"நான்தான் மறைச்சேன்."

"நல்லா மறைச்சீங்க. ரொம்ப சந்தோஷம்."

அப்புறம் அவள் கைப்பேசியை எடுத்துத் தன் பரிசோதனைக் கூடத்தில் யாரிடமோ பேசினாள். நரம்பு டாக்டர் சாயங்காலம் பார்ப்பாராம். கடைசி டோக்கன் ஒன்று வாங்கிவிட்டாள். "எழுந்திருங்க, போகலாம்."

"கத்தி?"

"கத்தி கிடக்கட்டும்!"

"இரும்மா" என்றார் அவர். கடைக்காரர் பக்கம் திரும்பினார். "இடது கைக்குத் தோதா ஒண்ணு குடுங்க. திறக்கவும் மூடவும்."

கடைக்காரர் பூட்டு எண்ணுவதை நிறுத்தினார். அடித்தட்டிலிருந்து சாதாரணமாக ஒன்றை எடுத்தார். பிடியின் குறுக்கே ஒரு சிறு கம்பி, இரண்டு பக்கமும் தலை நீட்டிக்கொண்டிருந்தது. "இதைப் பின்னால இழுத்தா அலகு தளர்ந்துடும் மேடம். எந்தக் கையா இருந்தாலும் ஒண்ணுதான். நம்ம சொரசொரப்புக் கல்லுலயே தீட்டிக்கலாம்."

"எனக்கு எதுக்குங்க?" என்றாள்.

"மூட்டையை நான் தூக்கிக்கறேன். அதுக்கு முதுகு போதும். கத்தி உன்கிட்ட இருக்கட்டும்." அதைச் சொல்லி முடித்ததும் அவருக்கு அசதியாக இருந்தது, மாதக்கணக்காகக் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றவர் விலகிக்கொண்ட மாதிரி. உள்ளே வரவேண்டியது வரட்டும்.

டாக்டர் அறைக்கு வெளியே நீள வரிசை நாற்காலிகள். எல்லோரும் நாள் பூராவும் உட்கார்ந்தே களைத்துப்போன முகத்தோடு இருந்தார்கள். மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, வாங்கியாச்சா?"

"ஆச்சு."

"ஐயோ! அப்போ உலகம் எப்பப்பா அழியுது?"

"டோக்கன் குடுத்திருக்காங்க. கூப்பிடுவாங்க."

மனைவி புதுக் கத்தியைக் கைப்பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துத் திறந்து மூடிப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கை சும்மா இருந்தால் அழுகை வரும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் கழுத்துப்பட்டை போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், தலையைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

அவர்கள் முறை வந்தது. டாக்டர் இவர்களைவிடக் களைத்திருந்தார். "என்ன செய்யுது?" என்றார்.

"ஒண்ணுமில்ல டாக்டர், கொஞ்ச நாளா…" என்று ஆரம்பித்தார் தைரியம். மனைவி சுவரில் மாட்டியிருந்த கை எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அந்தப் பொய்யை முடிக்கத் தெம்பு இல்லை. "கொஞ்ச நாள் இல்லைங்க. ஏழெட்டு மாசம் இருக்கும்" என்றார்.

பிறகு வரிசையாகச் சொன்னார். சாவி நழுவியது, பொத்தான், பேனா. குளியலறையில் சோப்பு டப்பாவைத் திறக்க முடியாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு வந்தது. விடியற்காலையில் விரல் மரத்துப்போய், உதறி உதறி எழுந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் படுத்திருந்தவள் அதையெல்லாம் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள். சோப்பு டப்பாவுக்கு மட்டும் அவள் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வேறெதுவுமா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நரம்பு எங்கேயாவது அழுத்தப்படுதான்னு முதல்ல பார்க்கணும். மத்ததெல்லாம் அப்புறம்" என்றார் டாக்டர். "கையைக் குடுங்க."

கை அவரிடம் இல்லை. மேசைக்கு அடியில் அவளிடம் இருந்தது. அவள் கொடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.